மட்டக்களப்பில் ஒரு ரொட்ஜர்ஸ் மாலை: பியானோவும் குரலும் மட்டும் போதுமா?

கேள்வி கேட்டவர் மட்டக்களப்பில் பியானோ படிப்பிக்கும் ஓர் இளம் ஆசிரியை. தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து ஆறேழு நல்ல குரல்கள், கர்நாடக சங்கீதம் படித்த இரண்டு பேர், ஒரு பழைய அப்ரைட் பியானோ. கையில் இருப்பது இவ்வளவுதான். இதை வைத்து, நியூயோர்க்கின் பிரோட்வே அரங்குகளில் ஓடிய இசை நாடகங்களுக்கு இசையமைத்த ரிச்சர்ட் ரொட்ஜர்ஸைக் கொண்டாடும் ஒரு நிகழ்ச்சி செய்யலாமா? வாத்தியக்குழு இல்லாமல் எடுபடுமா? நம் ஊர்ச் சனம் கடைசிவரை இருந்து கேட்குமா? எந்தப் பாட்டுகளை எடுப்பது?

தாராளமாகச் செய்யலாம். வாத்தியக்குழு இல்லையே என்ற கவலையை முதலில் விடுங்கள். ரொட்ஜர்ஸ் பியானோவில் எழுதியவர். அதை வாத்தியக்குழுவுக்கு விரித்து எழுதியவர்கள் வேறு ஆட்கள்: பெரும்பாலும் ரொபர்ட் ரசல் பெனெட், 'கரோசல்' நாடகத்துக்கு டொன் வோக்கர். ஆகவே பியானோவில் கேட்பவர்கள் பாட்டு பிறந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்துதான் கேட்கிறார்கள். இந்த வகை நிகழ்ச்சிக்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. 1976இல் லண்டனில் இன்னொரு பிரோட்வே பாட்டுக்காரரான ஸ்டீவன் சொண்ட்ஹைமின் பாட்டுகளை மூன்று பாடகர்கள், இரண்டு பியானோ, கதை சொல்ல ஒருவர் என்று மட்டும் வைத்து மேடையேற்றினார்கள். அது வெற்றி பெற்று அடுத்த வருடம் பிரோட்வேக்கே போனது.

இப்படியான நிகழ்ச்சிகள் படுத்துவிடுவது வேறு காரணத்தால். 'பிரபலமான இருபது பாட்டுகள்' என்று வரிசையாகப் போட்டால், எட்டாவது பாட்டில் சனம் கைபேசியை எடுத்துவிடும். ரொட்ஜர்ஸின் நல்ல பாட்டு ஒவ்வொன்றும், ஏதோ ஓர் இக்கட்டில் நிற்கும் ஓர் ஆள் பாடுவது. பாடி முடிக்கும்போது அந்த ஆளின் மனம் தொடங்கிய இடத்தில் இருக்காது. எனவே மெட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், இக்கட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

இதை மட்டக்களப்புக்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. எங்கள் கூத்து வகைகளான வடமோடியிலும் தென்மோடியிலும் அரசன் தரு என்னும் கூத்துப் பாட்டிலேயே வாதாடுவான், தருவிலேயே அழுவான், தருவிலேயே போருக்குப் புறப்படுவான். கதை நடுவில் ஒருவன் ஏன் பாடுகிறான் என்று களரியைச் சுற்றி இருந்தவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. பிரோட்வேதான் அந்த இடத்துக்குச் சுற்றி வந்தது. 1927இல் வந்த 'ஷோ போட்' போன்ற சிலவற்றை விட்டால், பாட்டு ஒரு பக்கம், கதை ஒரு பக்கம் என்று அங்கே வெகுகாலம் ஓடியது. 1943 மார்ச் 31ஆம் திகதி ரொட்ஜர்ஸின் 'ஒக்லஹோமா' தொடங்கியபோது மேடையில் ஆட்டக்காரிகளின் வரிசை இல்லை. ஒரு வயதான பெண் வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறாள். மேடைக்கு வெளியிலிருந்து ஒருவன் காலைப்பொழுதைப் பாடிக்கொண்டு வருகிறான். அந்த நாடகம் 2,212 காட்சிகள் ஓடியது.

இதை உங்கள் நிகழ்ச்சியில் அப்படியே பயன்படுத்தலாம். 'ஓ வட் அ பியூட்டிஃபுல் மோர்னிங்' பாடும் பையனை மேடையில் நிறுத்தாதீர்கள். மண்டபத்து விறாந்தையில் நின்று பியானோ இல்லாமல் தொடங்கட்டும். பாடிக்கொண்டே சனத்துக்கு நடுவால் வரட்டும். அவன் பியானோவுக்குக் கிட்ட வந்த பிறகு வாத்தியம் சேரட்டும். சுருதி இறங்கிவிடும் என்று பயப்படுவீர்கள். ஒரு வாரம் பழகினால் நிற்கும்.

பியானோ வாசிப்பவருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வேலை கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் வேலை. கை மத்தளத்தில் இருக்கும், கண் ஆடுபவனின் காலில் இருக்கும். பாடுபவர் மூச்சு எடுப்பது தெரியாமல் இந்தப் பாட்டுகளுக்கு வாசிக்க முடியாது. ஆகவே அப்ரைட் பியானோவைச் சுவரோடு ஒட்டிவைத்து, பாடுபவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். மேடையின் ஒரு பக்கத்தில் சாய்வாகத் திருப்பி வையுங்கள். பின்பக்கம் சனத்துக்குத் தெரிந்தால் ஒரு நல்ல சேலையைப் போட்டு மூடலாம், ஆனால் கனமான துணி வேண்டாம், சத்தத்தை விழுங்கிவிடும்.

இனி ஆளைப் பற்றி. 1902 ஜூன் 28இல் நியூயோர்க்கில் பிறந்தார், 1979 டிசம்பர் 30இல் இறந்தார். வாழ்க்கை முழுக்க முக்கியமாக இரண்டே பாடலாசிரியர்கள். முதல் பாதி லொரன்ஸ் ஹார்ட், 1943இல் அவர் இறக்கும்வரை. அடுத்த பாதி ஒஸ்கார் ஹெமர்ஸ்டைன், 1960இல் அவர் இறக்கும்வரை. ஹார்ட்டோடு இருந்தபோது மெட்டு முதலில் வரும், வரிகள் பிறகு. ஹெமர்ஸ்டைனோடு வரிகள் முதலில், மெட்டு பிறகு. ஒரே மனிதரின் இசை இரண்டு விதமாகக் கேட்பதற்கு இது பெரிய காரணம். ஹார்ட் காலத்து மெட்டுகள் துள்ளும், வளையும், வரிகள் அவற்றுக்குப் பின்னால் ஓடிப் பிடிக்கும். ஹெமர்ஸ்டைன் காலத்தில் பேச்சு தானாகவே நீண்டு பாட்டானது போலிருக்கும். ஹெமர்ஸ்டைன் ஒரு பாட்டுக்கு வாரக்கணக்கில் மண்டையை உடைப்பார். ரொட்ஜர்ஸ் அதைக் கையில் வாங்கிச் சில நிமிடங்களில் மெட்டுப் போட்டுவிடுவார். 'சவுத் பசிஃபிக்' நாடகத்துப் 'பாலி ஹாய்' பாட்டு ஐந்து நிமிடத்தில் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை.

உங்கள் குழுவுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ஹார்ட்டின் வரிகளில் எதுகையும் நையாண்டியும் ஒன்றின் மேல் ஒன்றாக வரும். ஆங்கிலம் வீட்டில் பேசாத பாடகருக்கும் அது பாரம், கேட்பவருக்கும் பாரம். ஹெமர்ஸ்டைன் சின்னச் சொற்களால் எழுதுவார். வரியின் கடைசியில் நீட்டிப் பாட வசதியான உயிரொலியை வைப்பார். பதினாறு பாட்டு பாடுவதென்றால் ஹார்ட்டுக்கு நாலு போதும் என்பேன். 'மை ஃபனி வலன்டைன்' கட்டாயம் வேண்டும். அதற்கு நன்றாகப் பாடும் குரலைவிட, அருகில் நின்று பேசுவது போலப் பாடத் தெரிந்த குரல் தேவை. 'புளூ மூன்' எல்லோருக்கும் தெரிந்தது. அந்த மெட்டு 1930களின் சினிமாவுக்காக வேறு வேறு வரிகளோடு எழுதப்பட்டு, எடுபடாமல் கிடந்து, 1934இல் இந்த வரிகளோடுதான் பிடித்துக்கொண்டது. உதைபந்தாட்டப் பைத்தியங்கள் சபையில் இருந்தால் ஒரு தகவல் சொல்லுங்கள்: மான்செஸ்டர் சிற்றி ரசிகர்கள் மைதானத்தில் பாடும் 'புளூ மூன்', லிவர்பூல் ரசிகர்கள் பாடும் 'யூல் நெவர் வோக் அலோன்' இரண்டும் ஒரே ஆளின் மெட்டு. அந்த ஒரு வரியிலேயே பின் கதிரையில் இருக்கும் பெடியன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் தமிழில் மூன்று நாலு வசனம் சொல்ல ஒருவர் வேண்டும். ஆண்டு, விருது, எத்தனை காட்சி என்பதெல்லாம் நிகழ்ச்சித் தாளுக்குப் போகட்டும். சொல்ல வேண்டியது இக்கட்டை மட்டும். உதாரணமாக, 'கரோசல்' நாடகத்து 'இஃப் ஐ லவ்ட் யூ' பாட்டுக்கு இப்படி: "இவள் ஆலையில் வேலை செய்பவள். அவன் ராட்டினத்துக்கு ஆள் கூப்பிடுபவன். இரண்டு பேருக்கும் விருப்பம், இரண்டு பேரும் வாயைத் திறக்கமாட்டார்கள். 'நான் உன்னை விரும்பினால் எப்படி இருக்கும்' என்று மட்டும் பேசிக்கொள்கிறார்கள்." இதோடு நிறுத்திவிட்டுப் பியானோவைத் தொடங்க விடுங்கள். அறிவிப்பாளர் மேடைப் பேச்சுக்காரராக இருக்கக்கூடாது. கதை சொல்லத் தெரிந்த ஒரு ரீச்சர் கிடைத்தால் நல்லது.

குரல்களுக்கு ஏற்ப எடுப்பதில் ரொட்ஜர்ஸ் உங்களுக்குக் கை கொடுப்பார், ஏனென்றால் அவரே நடிகர்களின் தொண்டையைப் பார்த்து எழுதியவர். 1951இல் 'த கிங் அண்ட் ஐ' எழுதியபோது கதாநாயகி கேர்ட்ரூட் லோரன்ஸின் குரல் எல்லை குறுகியது. அதனால் அவருக்கான பாட்டுகளை அந்த எல்லைக்குள்ளேயே வைத்தார். 'ஹலோ யங் லவர்ஸ்' பாட உயரக் குரல் தேவையில்லை, மற்றவர்களின் காதலைப் பார்த்துப் பொறாமைப்படாத ஒரு விதவையின் மனம் தேவை. அதே நாடகத்தின் 'சம்திங் வொண்டர்ஃபுல்' கீழ்க்குரல் பெண்களுக்கு. 1949இல் வந்த 'சவுத் பசிஃபிக்' இன்னும் சுவாரசியம். கதாநாயகன் எசியோ பின்சா ஒப்பெரா மேடையின் பேஸ் பாடகர், அதாவது ஆண்குரலில் மிகக் கீழான குரல். கதாநாயகி மேரி மார்ட்டின் அவரோடு குரலுக்குக் குரல் நின்று பாடப் பயந்தார். அதனால் முதல் காட்சியில் இருவரும் மாறி மாறி, அவரவர் மனதுக்குள் பாடுவதாக எழுதினார்கள், சேர்ந்து பாடவே இல்லை. உங்களிடமும் ஒரு பெரிய குரலும் ஒரு சின்னக் குரலும் இருந்தால் இந்த வழி இருக்கிறது. தேவாலயக் குழுவில் பின்வரிசையில் மறைந்து நிற்கும் பேஸ் குரலுக்காரருக்கு 'சம் என்சான்டட் ஈவினிங்' கொடுங்கள். அவருக்கு வாழ்க்கையில் ஒருநாள் முன்வரிசை கிடைக்கட்டும்.

'கரோசலில்' கதாநாயகன் தனியாகப் பாடும் ஏழெட்டு நிமிட 'சொலிலக்வி' ஒன்று இருக்கிறது. அப்பாவாகப் போகிறோம் என்று தெரிந்தவன் முதலில் மகனைக் கற்பனை செய்து கெத்தாகப் பாடுகிறான், பிறகு பெண்பிள்ளையாக இருந்தால் என்று நினைத்தவுடன் ஆடிப்போகிறான். ரொட்ஜர்ஸ் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் பரிட்டோன் என்ற நடுத்தர ஆண்குரல் நல்லதாக இல்லையென்றால் தொடவேண்டாம். அரைகுறையாகப் பாடினால் எட்டு நிமிடம் எட்டு மணித்தியாலம் ஆகிவிடும்.

மட்டக்களப்பில் இந்த நிகழ்ச்சிக்குத் தனியான ஒரு வாசலும் உண்டு: மூன்று எண்ணிக்கைத் தாளம். ரொட்ஜர்ஸ் அளவுக்கு அந்தத் தாளத்து ஆட்ட இசையான வோல்ட்ஸ் எழுதிய பிரோட்வேக்காரர் இல்லை என்பது என் அபிப்பிராயம். 'கரோசல்' நாடகம் வழக்கமான தொடக்க இசைக்குப் பதிலாக, ஊமைக் காட்சிக்கு வாசிக்கும் நீண்ட வோல்ட்ஸோடுதான் திறக்கிறது. 'ஓ வட் அ பியூட்டிஃபுல் மோர்னிங்', 'எடெல்வைஸ்', 'மை ஃபேவரிட் திங்ஸ்' எல்லாம் மூன்றுதான். ஊரின் ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்கள் கல்யாண வீட்டில் கஃப்ரிஞ்ஞா ஆடுவது, மூன்று மூன்றாக எண்ணும் ஆறெட்டுத் தாளத்தில். பைலாவும் அதே ஓட்டம். மூன்றாக நடக்கும் திஸ்ர நடை கர்நாடகப் பிள்ளைகளுக்கும் புதிதல்ல. ஆகவே நிகழ்ச்சியின் இரண்டாம் பாதியைக் 'கரோசல்' வோல்ட்ஸோடு தொடங்குங்கள். ஒரு பியானோவில் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து நாலு கையால் வாசித்தால் பார்க்கவும் கேட்கவும் நன்றாயிருக்கும். பறங்கியர் சமூகத்தில் வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவர் மனம் வைத்தால், 'எடெல்வைஸ்' பாட்டுக்கு மெல்லச் சேர்த்துக்கொள்ளலாம். குரலும் பியானோவும் என்ற எல்லையை அது உடைத்தாலும் பரவாயில்லை.

'மை ஃபேவரிட் திங்ஸ்' பற்றி ஒரு சிறு விலகல். 'த சவுண்ட் ஒஃப் மியூசிக்' நாடகத்தின் 1965ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்களுக்கு அது இடி மின்னலுக்குப் பயந்த பிள்ளைகளுக்காகப் பாடும் பாட்டு. மேடை நாடகத்தில் அது கன்னியர் மடத்தில், கதாநாயகி மரியாவும் மடத்துத் தலைவியும் சேர்ந்து பாடுவது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடங்களில் படித்த அம்மாமார் நிறைந்த ஊரில் நாடகத்து வடிவத்தைப் பாடினால் சிரிப்பு உத்தரவாதம்.

'சவுத் பசிஃபிக்'கில் 'கெயர்ஃபுலி டோட்' என்று ஒரு சின்னப் பாட்டு. இரண்டு நிமிடம்கூட வராது. வேற்று இனத்து ஆட்களை வெறுப்பது பிறவியிலே வருவதல்ல, சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுக்கப்படுவது என்று ஓர் இளம் அதிகாரி கசப்போடு பாடுவது. எடுத்துவிடச் சொல்லி அன்றைக்கு அழுத்தம் வந்தது, ரொட்ஜர்ஸும் ஹெமர்ஸ்டைனும் மறுத்துவிட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் சிங்களவரும் ஒரே மண்டபத்தில் இருக்கக்கூடிய ஊர் உங்களுடையது. இதைச் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் முன்னும் பின்னும் யாரும் உரையாற்ற வேண்டாம். பாடி முடிந்ததும் கைதட்டலுக்குக் காத்திராமல் அடுத்த பாட்டின் முதல் சுரத்தை வாசியுங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்த இருவர் என்றீர்கள். அவர்களை ஒதுக்காதீர்கள். 'டோ ரே மி' பாட்டின் சுரங்கள் பெரும்பாலும் சங்கராபரணத்தின் சுரங்களே, அவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபடும். பிரச்சினை கமகத்தில். காந்தாரத்தையும் நிஷாதத்தையும் அசைக்கும் பழக்கம் தொண்டையில் ஊறியிருக்கும். பியானோவின் அசையாத சுரத்துக்கு எதிரே அது சுருதி தப்பியது போலக் கேட்கும். எல்லாச் சுரத்தையும் நேராக நிறுத்திப் பாடச் சொல்லுங்கள், அலங்கார வரிசை பழகும்போது பாடுவது போல. 'பாலி ஹாய்' இவர்களில் ஒருவருக்கு நன்றாக அமையும்: ஒரு சுரம், அதே சுரம் மேல் ஸ்தாயியில், பிறகு அங்கிருந்து அரைச்சுரம் கீழே. அந்த மூன்று சுரத்தை ஆடாமல் பாடிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இசைப் புத்தகம் வாங்கும்போது கவனம். கடைகளில் 'வோக்கல் செலக்ஷன்ஸ்' என்று கிடைப்பதில் பியானோவின் வலக்கை பெரும்பாலும் பாடுபவரின் மெட்டையே வாசிக்கும். வீட்டில் தனியாக வாசிப்பவர்களுக்கான ஏற்பாடு அது. மேடையில் அப்படியே வாசித்தால் பாடகர் பியானோவோடு கட்டிவைத்தது போலாகிவிடுவார். முழு நாடகத்தின் 'வோக்கல் ஸ்கோர்' கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் வலக்கையில் மெட்டை விட்டுவிட்டு நடுச் சுரங்களை மட்டும் வைத்து வாசிக்கப் பழகுங்கள். சுருதியை ஒன்றிரண்டு படி இறக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒத்திகையின் முதல் நாளே தீர்மானியுங்கள்.

உரிமை விஷயமும் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள்வரை. ரொட்ஜர்ஸின் இசைக்கு அது 2049 முடியும்வரை போகும். பாட்டுகளைத் தனித்தனியாகக் கச்சேரியில் பாடுவது ஒரு வகை அனுமதி. வேடம் போட்டு, நாடக வசனம் பேசி, காட்சியாக நடித்தால் அது நாடக மேடையேற்றம், அதற்கு வேறு அனுமதி, வேறு காசு. ஆகவே அறிவிப்பாளரின் வசனங்கள் உங்கள் சொந்த வசனங்களாக இருக்கட்டும், நாடகத்திலிருந்து எடுக்க வேண்டாம். வரிகளைத் தமிழாக்கிப் பாடுவதற்கும் தனியாக அனுமதி வேண்டும். எனக்கு அதில் விருப்பமும் இல்லை. தமிழில் கதை, ஆங்கிலத்தில் பாட்டு என்பதே போதும்.

இப்போது அந்தப் பழைய பியானோ. மட்டக்களப்பின் காலநிலை அதற்கு எதிரி. கச்சான் என்ற வறண்ட காற்றில் மரம் காய்ந்து சுருதி இறங்கும், மாரியில் ஊதி ஏறும். உப்புக் காற்று சுமார் 230 கம்பிகளையும் துருப்பிடிக்கச் செய்யும். பல வருடம் சுருதி பார்க்காமல் அரைச்சுரம் இறங்கியிருந்தால் ஒரே தடவையில் இழுக்க விடாதீர்கள். பழைய கம்பி அறுந்துபோகலாம், அறாவிட்டாலும் நிற்காது. ட்யூனர் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரவேண்டியிருக்கும் என்பதால் இரண்டு முறை வர ஏற்பாடு செய்யுங்கள், இடையில் சில வாரம் விட்டு. பியானோவை மண்டபத்துக்கு மாற்றுவதென்றால் மாற்றிச் சில நாள் அங்கேயே இருக்க விட்டுத்தான் கடைசிச் சுருதி பார்க்க வேண்டும். தேறாது என்று ட்யூனர் சொன்னால் 88 கட்டையும் பாரமான கட்டையுமுள்ள டிஜிட்டல் பியானோ ஒன்றை இரவல் வாங்குங்கள். நல்ல டிஜிட்டல், கெட்ட அப்ரைட்டைவிட மேல். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசித்து வையுங்கள்.

மண்டபம் சின்னதாக இருக்கட்டும். நூற்றைம்பது கதிரை நிறைந்திருப்பது, ஐந்நூறு கதிரை பாதி காலியாக இருப்பதைவிட எவ்வளவோ நல்லது. சின்ன மண்டபத்தில் மைக் தேவைப்படாது. தவிர்க்கமுடியாத ஒரு தொல்லை மின்விசிறிச் சத்தம்தான். சனம் வருமுன் நன்றாகச் சுற்றவிட்டு, பாட்டு நடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். காந்திப் பூங்காவில் வாவிக்கரையோரம் வைக்கலாமே என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். படம் எடுக்க அழகு, பியானோவுக்கும் இசைத்தாளுக்கும் காற்று எமன்.

வரிசைக்கு வருவோம். 'யூல் நெவர் வோக் அலோன்' பாட்டைக் கடைசியில் வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். நான் அதை முதல் பாதியின் முடிவில் வைப்பேன், முழுக் குழுவும் பாட. நாடகத்தில் அது கணவனைப் பறிகொடுத்து நிற்கும் ஒருத்தியின் பக்கத்தில் நின்று பாடுவது. மெதுவாகத் தொடங்க வேண்டிய பாட்டை வெற்றிப் பாட்டுப் போலத் தொடக்கத்திலிருந்தே உரத்துப் பாடிக் கெடுப்பது வழக்கமாகிவிட்டது. கடைசிக்கு 'எடெல்வைஸ்'. ஒஸ்திரியாவின் நாட்டார் பாட்டு என்று பலர் நினைக்கும் அது, 1959இல் 'த சவுண்ட் ஒஃப் மியூசிக்' நாடகத்துக்காக எழுதியது. ஹெமர்ஸ்டைன் கடைசியாக எழுதிய பாட்டும் அதுதான். நாட்டை விட்டுப் போகவேண்டிய இரவில் ஒருவன் பாடுவது என்று அறிவிப்பாளர் சொன்னால் போதும், மட்டக்களப்பில் அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. வரிகளை நிகழ்ச்சித் தாளில் அச்சடிக்கவும் உரிமை கேட்க வேண்டும் என்பதால், ஒருமுறை குழு பாடி, இரண்டாம் முறை சனத்தையும் சேர்ந்து முணுமுணுக்க விடுங்கள்.

திகதிக்கு அவருடைய பிறந்தநாளான ஜூன் 28 ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது கச்சான் வெக்கை, போதாக்குறைக்குக் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தை ஒட்டி வருவது, நாலு திசையிலும் ஒலிபெருக்கி கேட்கும். நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழை, பாடகர் குழுவுக்குக் கரோல் வேலை. பெப்ரவரி, மார்ச்சில் தவக்காலம் வந்துவிடும். செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கி, இடைவேளையோடு எட்டுக்கு முன் முடியுங்கள். வாகரையிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் பிள்ளைகளோடு வருபவர்கள் வீடு திரும்ப வேண்டும். நுழைவுச் சீட்டுக்குச் சிறு தொகை வையுங்கள், ட்யூனரின் பயணச் செலவாவது அதில் வரட்டும்.